கைவிளக்கும் கணக்குப் புத்தகமும்
புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வு

ஆண்டு விழா மலருக்கு ஒரு நல்ல மனுஷியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, தாதியாகிய நான் வேறு யாரைத் தெரிவு செய்வேன்? புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். நீண்ட கறுப்பு உடுப்பும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஒரு பெண், கையில் விளக்குடன், காயப்பட்ட சிப்பாய்களின் கட்டில்களுக்கு நடுவே நடந்து போவார்.

அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் அவர் 90 வயது வரை வாழ்ந்தவர். யுத்தகால வைத்தியசாலையில் அவர் இருந்தது இரண்டு வருடங்களுக்கும் குறைவு. மீதிக் காலத்தில் அவர் செய்தவற்றை நான் விரிவாக அறிந்துகொண்டது இங்கிலாந்தில் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்த பின்புதான். இத்தனை வருடங்கள் வார்ட்டில் வேலை செய்த பிறகு சொல்கிறேன்: விளக்கை இறக்கி வைத்துவிட்டு அவர் பேனாவைக் கையில் எடுத்த பிறகு நடந்ததுதான் கதையின் பெரிய பாகம். அதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வசதியான வீட்டுப் பிள்ளை

1820 மே 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். செல்வந்தர்களான அவருடைய பெற்றோர் திருமணமான பின் ஐரோப்பாவில் நெடுநாள் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள். நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அக்காவுக்கோ அந்த நகரத்தின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தனோப்பி என்பதே பெயராயிற்று. இங்கிலாந்தில் அவர்களுக்கு டார்பிஷயரில் ஒரு வீடும், ஹாம்ப்ஷயரில் எம்பிளி என்ற பெரிய மாளிகையும் இருந்தன.

தகப்பனார் வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு பெண்பிள்ளைகளுக்கும் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சரித்திரம், தத்துவம் என்று ஆண்பிள்ளைகள் படிப்பதையெல்லாம் புளோரன்ஸ் படித்தார். கணக்கில் அவருக்குத் தனி ஆசை. எண்களை வரிசையாக எழுதி அட்டவணை போடுவது அவருக்கு விளையாட்டு மாதிரி. பின்னாளில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காக்கப்போவது அந்த ஆசைதான் என்று அப்போது யார் கண்டார்?

1837 பெப்ரவரி 7ஆம் திகதி, 16 வயதில், தேவன் தம்மை ஊழியத்துக்கு அழைத்ததாக அவர் தம் குறிப்பில் எழுதி வைத்தார். என்ன ஊழியம் என்பது அன்று தெளிவாகவில்லை. நோயாளரைப் பராமரிப்பதே அது என்று தெளிவாகப் பல வருடங்கள் ஆயின. தெளிவான பிறகு வீட்டில் சம்மதம் கிடைக்க இன்னும் பல வருடங்கள்.

1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையில் சில மாதங்கள் வேலை பழக அனுமதி கேட்டார். வீட்டில் பெரும் பிரளயம். தாயார் அழுதார், அக்கா மயங்கி விழாத குறை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து வைத்தியசாலை இன்றையது போலல்ல. வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார்கள். வைத்தியசாலைக்குப் போனவர்கள் போக்கிடமில்லாத ஏழைகள். தாதி வேலைக்குப் படிப்போ பயிற்சியோ தேவையில்லை. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அப்படிப்பட்ட ஒரு தாதியைப் பாத்திரமாகவே படைத்து ஊர் சிரிக்க வைத்திருந்தார். நம் வீடுகளில் பிள்ளை டொக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோரிடம் நான் தாதியாகப் போகிறேன் என்று சொன்ன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மௌனத்தின் கனம் அவர்களுக்குத் தெரியும்.

அவர் விட்டுக் கொடுக்கவில்லை. வீட்டார் எழும்ப முன், விடியற்காலையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் வைத்தியசாலை அறிக்கைகளையும் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். ஒன்பது வருடங்கள் பழகிய ரிச்சர்ட் மங்க்டன் மில்ன்ஸ் என்ற நல்ல மனிதர் கலியாணம் பேசியபோது, விருப்பம் இருந்தும் மறுத்தார். பெரிய வீட்டு மனைவியாக இருந்துகொண்டு தம் அழைப்பை நிறைவேற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் வழி திறந்தது ஜெர்மனியில். டுசல்டோர்ஃப் நகருக்குப் பக்கத்தில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், போதகர் தியோடர் ஃப்ளீட்னர் 1836இல் ஓர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே டீக்கனஸ் எனப்படும் ஊழியப் பெண்கள் நோயாளரைப் பராமரித்தார்கள். 1851இல் புளோரன்ஸ் அங்கே மூன்று மாதங்கள் தங்கிப் பழகினார். அப்போது அவருக்கு வயது 31.

1853இல் லண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய இல்லத்துக்குப் பொறுப்பாளரானார். சம்பளம் இல்லை, தகப்பனார் வருடம் 500 பவுண் கொடுத்தார். போனவுடன் அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: எல்லா மாடிக்கும் குழாயில் சுடுநீர், சாப்பாட்டை மேலே ஏற்றுவதற்கு ஒரு தூக்கி, நோயாளி அழைத்தால் எந்த அறை என்று தெரியும்படி மணி. தாதி படிக்கட்டில் ஏறி இறங்கியே களைத்துப்போனால் நோயாளியைப் பார்ப்பது யார் என்பது அவர் கேள்வி. இன்னொரு நிபந்தனையும் வைத்தார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று நிர்வாகக் குழு இருந்தது. எந்தச் சபையாரும் எந்த மதத்தாரும் வரலாம் என்று மாற்றினால்தான் நிற்பேன் என்றார். மாற்றினார்கள்.

ஸ்கூட்டாரி

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராக யுத்தத்தில் இறங்கின. சண்டை நடந்தது கருங்கடலின் வடகரையில் உள்ள கிரைமியாவில். காயப்பட்டவர்களையும் நோயாளரையும் கப்பலில் ஏற்றி, கடலைக் கடந்து, கொன்ஸ்தாந்திநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி. அங்கே துருக்கிப் படைகளின் ஒரு பெரிய முகாம் கட்டிடம் வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது.

அங்கே சிப்பாய்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. நாடு கொதித்தது. யுத்த அமைச்சில் பொறுப்பிலிருந்த சிட்னி ஹேர்பேர்ட் புளோரன்சின் நண்பர். தாதியரை அழைத்துக்கொண்டு போகமுடியுமா என்று அவர் கடிதம் எழுதினார். அதே வேளையில், போக அனுமதி கேட்டு புளோரன்ஸ் அவருக்கு எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயின.

1854 ஒக்டோபர் 21ஆம் திகதி 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூட்டாரி சேர்ந்தார். அந்த 38 பேரில் கத்தோலிக்கக் கன்னியர் 10 பேர், அங்கிலிக்கன் சகோதரிகளும் அவர்களது இல்லங்களைச் சேர்ந்தவர்களும் 14 பேர், வைத்தியசாலைகளில் வேலை செய்த சாதாரணத் தாதியர் 14 பேர். இவர்களுக்குள் சமாதானம் காப்பதே தனி வேலையாக இருந்ததாம். பல சபைகள் சேர்ந்து ஒரு கிறிஸ்மஸ் கரோல் ஆராதனையை ஒழுங்கு செய்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இராணுவ வைத்தியர்கள் அவர்களை வரவேற்கவில்லை. பெண்கள் இங்கே எதற்கு என்ற எண்ணம். புளோரன்ஸ் சண்டை பிடிக்கவில்லை. வைத்தியர் கேட்காமல் ஒரு தாதியும் நோயாளியைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டு, துணி தைப்பதிலும் கட்டுத்துணி மடிப்பதிலும் அவர்களை இருத்தினார். மறுநாள் இன்கெர்மன் சண்டை. தொடர்ந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். தரையில் படுக்கவும் இடமில்லை. அப்போது வைத்தியர்களே வந்து கூப்பிட்டார்கள்.

அங்கே இல்லாதவற்றை எழுதினால் பட்டியல் நீளும். கட்டில், போர்வை, மாற்றுச் சட்டை, சவர்க்காரம், துவாய், கோப்பை, கரண்டி ஒன்றுமே போதியதாக இல்லை. பேனும் எலியும் மட்டும் குறைவில்லாமல் இருந்தன. பொருட்கள் சில சமயம் துறைமுகத்துக் களஞ்சியத்திலேயே கிடக்கும். கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி வரும்வரை யாரும் திறக்க மாட்டார்கள். டைம்ஸ் வாசகர்கள் சேர்த்து அனுப்பிய நிதியையும் தம் சொந்தப் பணத்தையும் கொண்டு புளோரன்ஸ் கடைத்தெருவில் பொருள் வாங்கினார். தரை தேய்க்கத் தூரிகைகள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் பொருத்தி, சிப்பாய்களின் மனைவிமாருக்குக் கூலி கொடுத்துத் துணி வெளுக்க வைத்தார். இறைச்சித் துண்டைக் கடிக்க முடியாதவர்களுக்குக் கஞ்சியும் சூப்பும் கொடுக்கத் தனிச் சமையலறை அமைத்தார்.

இரவில் விளக்கோடு அவர் சுற்றி வந்ததும் உண்மைதான். ஆனால் படங்களில் காணும் அலாவுதீன் விளக்கு அல்ல அது. மடித்து விரிக்கக்கூடிய துருக்கிக் கைவிளக்கு. சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். இறந்தவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் கடிதம் எழுதினார். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்காமல் வீட்டுக்கு அனுப்ப வழி செய்தார், வாசிப்பறை திறந்தார். கொடுத்தால் அனுப்பமாட்டார்கள் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். சிப்பாய்களோ அனுப்பினார்கள். 1855 மே மாதம் கிரைமியாவுக்கே போய், அங்கே கடும் காய்ச்சலில் விழுந்து மரணத்தின் வாசல் வரை போய் வந்தார்.

தளங்களுக்குக் கீழே இருந்தது

இனித்தான் நம் பாடப் புத்தகங்களில் எழுதப்படாத பகுதி வருகிறது. கவனமாக வாசியுங்கள்.

தாதியர் வந்தார்கள், தரை தேய்த்தார்கள், துணி வெளுத்தார்கள், சூப் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அந்தப் பனிக்காலத்தில் மரணம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவுக்கு இறந்தார்கள். பெரும்பாலோர் காயத்தால் அல்ல. வயிற்றோட்டம், கொலரா, காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தார்கள்.

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதார ஆணைக்குழு வந்தது. வைத்தியர் ஜோன் சதர்லண்ட், பொறியியலாளர் றொபேர்ட் றோலின்சன் ஆகியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் நோயாளரை அல்ல, கட்டிடத்தைச் சோதித்தார்கள். அந்தப் பிரமாண்டமான கட்டிடம் அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல் நின்றது. மலசலகூடங்களிலிருந்து நாற்றக்காற்று வார்ட்டுகளுக்குள் வந்தது. தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. ஆணைக்குழுவினர் கால்வாய்களைக் கழுவித் திறந்தார்கள், குப்பையை வண்டி வண்டியாக அகற்றினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள், கட்டில்களின் நெரிசலைக் குறைத்தார்கள். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது.

நாற்பத்திரண்டு எங்கே, இரண்டு எங்கே?

யுத்தம் நடந்தபோது எல்லோருடைய கண்ணிலும் பட்டவை சாப்பாட்டுக் குறைவும் உடுப்புக் குறைவும்தான். 1856இல் யுத்தம் முடிந்தது. நாடு பெரிய வரவேற்புக்குக் காத்திருந்தது. அவரோ மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து, ஆகஸ்ட் 7ஆம் திகதி யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அரச புள்ளிவிபர அலுவலகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து, மாதம் மாதமாக, வைத்தியசாலை வைத்தியசாலையாக, இறந்தவர்களின் கணக்கைப் பார்த்தார். எங்கே, எப்போது, எதனால் என்று பிரித்தபோது உண்மை வெளியே வந்தது. அந்த யுத்தத்தில் பிரித்தானியப் படையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நோயால் இறந்தவர்கள். அந்த நோய்களில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை.

வாசகர்களே, இதை ஒரு தாதியின் மனதோடு யோசித்துப் பாருங்கள். நாடு முழுவதும் உங்களைத் தேவதை என்று கொண்டாடுகிறது. உங்கள் பெயரில் பாட்டு, உங்கள் முகத்தில் பொம்மை. ஆனால் உங்கள் முன்னே இருக்கும் கணக்கோ, நீங்கள் பொறுப்பாக இருந்த வார்ட்டுகளின் அடியில் மரணம் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்கிறது. புகழை வைத்துக்கொண்டு கணக்கை மூடிவிடுவது எவ்வளவு சுலபம்! அவர் கணக்கை நாட்டுக்கு முன் விரித்து வைத்தார். தாம் இருந்த வைத்தியசாலையின் எண்களையும் மறைக்கவில்லை.

எண்கள் நிறைந்த பக்கத்தை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அதைப் படமாக வரைந்தார். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டியது போல் ஒரு படம். தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களுக்கு நீல நிறம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. பார்த்தவுடனே நீலம் கண்ணில் அடிக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். பிரித்தானியப் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

விக்டோரியா மகாராணியைச் சந்தித்துப் பேசினார். 1857இல் இராணுவ சுகாதாரத்துக்கான அரச ஆணைக்குழு அமைந்தது. சிட்னி ஹேர்பேர்ட் அதன் தலைவர். யுத்தமே இல்லாத காலத்தில், இங்கிலாந்தின் முகாம்களில் இருந்த இளம் சிப்பாய்களே அதே வயது மற்ற ஆண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறந்துகொண்டிருந்தார்கள் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். முகாம்களில் காற்றோட்டம், நல்ல தண்ணீர், இராணுவ வைத்தியக் கல்லூரி என்று ஒவ்வொன்றாக மாற்றங்கள் வந்தன. இவ்வளவையும் அவர் செய்தது பெரும்பாலும் கட்டிலில் இருந்தபடி. கிரைமியாவில் பிடித்த நோய் அவரை நெடுங்காலம் விடவில்லை.

தேவனுடைய சித்தத்தை அறிய வேண்டுமானால் அவர் உலகத்தில் வைத்த ஒழுங்கைக் கவனித்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விசுவாசம். ஊர்க் கழிவெல்லாம் தேம்ஸ் நதிக்குள் ஓட விட்டுவிட்டு, கொள்ளைநோயிலிருந்து எங்களை இரட்சியும் என்று ஆலயத்தில் ஜெபிப்பது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. ஜெபத்தை அவர் பரிகசிக்கவில்லை. ஜெபித்த கையாலேயே கால்வாயைத் திறக்கவும் வேண்டும் என்றார்.

தாதியர் பள்ளி

யுத்த காலத்திலேயே மக்கள் அவருக்கு நன்றியாக ஒரு நிதி சேர்த்தார்கள். 44,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது, சிப்பாய்களும் கொடுத்தார்கள். அதைக் கொண்டு 1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி ஆரம்பமானது. தாதியர் தலைவி சேரா வோட்ரோப்பர் அம்மையார் அதை நடத்தினார். ஒரு வருடப் பயிற்சி, தங்குமிடம், சீருடை, ஒழுங்கான மேற்பார்வை, மாதம் தவறாத மதிப்பீடு. தாதி வேலை வேறு போக்கில்லாதவரின் பிழைப்பு என்ற நிலை மாறி, கற்று, தேர்ந்து, சம்பளம் பெற்றுச் செய்யும் தொழிலாயிற்று. அங்கே பயின்றவர்கள் பல ஊர்களுக்கும் போனார்கள். அக்னெஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் ஏழைகள் விடுதி வைத்தியசாலைக்குப் போய், மூன்று வருடங்களில் அதைத் திருத்தி, தைபஸ் காய்ச்சலில் தம் உயிரையும் கொடுத்தார். லூசி ஒஸ்பேர்ன் 1868இல் சிட்னிக்குப் போனார்.

வீட்டில் நோயாளரைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காக அவர் எழுதிய சிறிய புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1859இல் எழுதியது. யன்னலைத் திற, வெளிச்சம் வர விடு, கையை அடிக்கடி கழுவு, நோயாளியைத் திடீரென்று எழுப்பாதே, அறை வாசலில் நின்று குசுகுசுக்காதே என்றெல்லாம் அதில் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியே ஓர் அதிகாரம் உண்டு. ஒன்றும் தெரியாமல், உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாகிவிடும் என்று சொல்வதும், கேட்காத வைத்திய ஆலோசனைகளை அள்ளி வழங்குவதும் நோயாளியை எவ்வளவு களைப்பாக்கும் என்று எழுதியிருக்கிறார். பத்துப் பேராக, ஆளுக்கொரு சூப் பிளாஸ்க்கோடு வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் எங்கள் சனத்தை அவர் எங்கே கண்டாரோ தெரியாது!

அந்தப் புத்தகத்தில் என் மனதில் அதிகம் பதிந்தது வேறொன்று. நீ இருக்கும்போது செய்வதெல்லாம், நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஒழுங்கு செய்யத் தெரியவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றத் திறமையெல்லாம் வீண் என்ற கருத்து அது. இன்று நாங்கள் ஒவ்வொரு வேலை நேர மாற்றத்திலும் அடுத்த தாதிக்கு ஒப்படைப்பு எழுதுவதும் சொல்வதும் அதன் தொடர்ச்சிதான். அன்பு உள்ள ஒரு தாதி எட்டு மணி நேரம் நோயாளியைக் காப்பாற்றலாம். மீதிப் பதினாறு மணி நேரத்தைக் காப்பது ஒழுங்கு.

சென்னை வரை வந்த கடிதங்கள்

அவர் இந்தியாவை ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் 1859இல் இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரம் பற்றிய ஆணைக்குழு அமைந்தபோது, அங்குள்ள முகாம்கள் எல்லாவற்றுக்கும் கேள்விப் பட்டியல்கள் அனுப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் எதனால் இறந்தார்கள்? மூட்டை மூட்டையாகப் பதில் வந்தது. பிரித்தானியச் சிப்பாய்களில் வருடம் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1864இல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணைக்குழுக்கள் அமைந்தன. 1873 அளவில் அந்த 69 என்பது 18 ஆகக் குறைந்தது.

சிப்பாய்களைப் பற்றித் தொடங்கியவர் மெல்ல மெல்லச் சுற்றியிருந்த சனங்களைப் பார்க்கத் தொடங்கினார். கிராமத்துக் கிணறு கெட்டிருந்தால் முகாம் எப்படிச் சுகமாக இருக்கும்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டி இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, நீர்ப்பாசனம் வேண்டும், குடியானவனைக் கடனிலிருந்து காக்கவேண்டும் என்று லண்டன் படுக்கையறையிலிருந்து எழுதினார். இங்கிலாந்து மக்கள் இந்திய மக்களைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று அச்சில் குற்றம் சாட்டினார். சென்னை அரச பொது வைத்தியசாலையில் 1871இல் தாதியர் பயிற்சி தொடங்கியதும் அவர் மூட்டிய அந்தச் சீர்திருத்தத்தின் காலத்தில்தான்.

குறைகளும் உள்ளவர்

அவரைக் குறையற்றவராகக் காட்டினால் அவருக்கே பிடிக்காது. நோய் கிருமியால் தொற்றுகிறது என்ற புதிய அறிவை ஏற்றுக்கொள்ள அவருக்கு நெடுங்காலம் பிடித்தது. நாற்றக்காற்றே காரணம் என்று நம்பினார். காரணம் தவறு, ஆனால் துப்புரவு, காற்று, நெரிசல் குறைத்தல் என்று அவர் சொன்ன பரிகாரம் கிருமிக்கும் பொருந்தியது. தாதியரைச் சட்டப்படி பதிவு செய்வதையும் எதிர்த்தார். பரீட்சைத்தாளால் நல்ல மனதை அளக்க முடியாது என்பது அவர் வாதம். அவர் இறந்து ஒன்பது வருடங்களின் பின், 1919இல், இங்கே பதிவுச் சட்டம் வந்தது. பதிவு எண்ணோடு வேலை செய்யும் நான் இதில் அம்மையாருடன் உடன்படவில்லை.

அதே யுத்தத்தில் சேவை செய்ய விரும்பி லண்டனுக்கு வந்த ஜமெய்க்காப் பெண் மேரி சீக்கோல் அம்மையாரைத் தாதியர் குழுவில் சேர்க்க மறுத்தார்கள். அவர் தம் சொந்தச் செலவிலேயே கிரைமியாவுக்குப் போய், சிப்பாய்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தார். நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த அவருக்கு, 2016இல் சென். தோமஸ் வைத்தியசாலைத் தோட்டத்தில் சிலை வைத்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே தாதியராக நிற்கும் எங்களுக்கு அந்தச் சிலையும் முக்கியம்.

இறுதி நாட்கள்

1907இல், ஓடர் ஒவ் மெரிட் என்ற உயர்ந்த அரச விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது, அது அவருக்கு. அப்போது கண் பார்வை போய், நினைவும் மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி லண்டனில் உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அவர் விருப்பத்தின்படி குடும்பத்தார் மறுத்து, ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்து ஆலய முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். ஆறு சார்ஜன்ட்மார் பெட்டியைச் சுமந்தார்கள். குடும்பக் கல்லில் அவருக்காக எழுதியிருப்பது பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே.

அவர் பிறந்து 200 வருடங்கள் நிறைந்த 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிழக்கு லண்டனில் எக்செல் மண்டபத்தை அவசர வைத்தியசாலையாக மாற்றி, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த நாட்களில் நாம் வியாழக்கிழமை இரவுகளில் வாசலில் நின்று கை தட்டினோம். அதே நாட்களில் நாடு முழுவதும் பின்னேரச் செய்தியில் எதைப் பார்த்தது? எண்களை, வரைபடங்களை. யன்னலைத் திற, கையைக் கழுவு, இடைவெளி விடு என்ற அறிவுரைகளை. எல்லாம் அவர் விட்டுச் சென்றவை.

ஆகவே அன்பான வாசகர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் சபையில் தாதியரும் பராமரிப்பாளரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவு வேலை முடித்து நேரே ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் கண் சொருகி இருப்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களைத் தேவதை என்று புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். போதிய ஆட்கள் இருக்கிறார்களா, ஓய்வு கிடைக்கிறதா, நோயாளருக்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். நம் வீட்டிலும் சபையிலும் யாராவது மீண்டும் மீண்டும் நோயில் விழுந்தால், அனுதாபத்தோடு அனுதாபமாக ஏன் என்றும் கேட்போம். அறை ஈரமா, சாப்பாடு ஒழுங்கா, மருந்து எடுக்கிறாரா, தனிமையில் இருக்கிறாரா?

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ தாதியாகப் போகிறேன் என்று சொன்னால், தயவு செய்து மௌனமாகிவிடாதீர்கள். அந்த வேலைக்கு அன்பும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்று சொல்லி, சந்தோஷமாக அனுப்பி வையுங்கள்.